ரிசர்வ் வங்கி யார் பேச்சைக் கேட்கும்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதிலாக, "வங்கி வட்டியை மந்திரி தீர்மானிப்பதில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்தத் தடவை பக்கத்தை நிரப்பிவிட்டன. பெரும்பாலும் நம்ம வடசென்னைக் கடிதங்கள், பாதி கோபக் கடிதங்கள். எனக்குப் பொருளாதாரப் பட்டம் கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கேஷ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்குப் பணப்பெட்டியோடு போய் வந்த அனுபவமும், படித்துத் தெரிந்துகொண்டதும்தான் என் கைமுதல்.

அக்கா, 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் மூன்று தடவை ரெப்போ வட்டி குறைந்தது என்று டிவியில் சொன்னார்கள். என் வீட்டுக் கடன் தவணை ஒரு பைசா குறையவில்லை. நிதியமைச்சர் ஓர் உத்தரவு போட்டு வழிக்குக் கொண்டுவரக் கூடாதா?
— ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், கொடுங்கையூர்

முதலில் உங்கள் தவணையைப் பார்ப்போம் தம்பி, கொள்கை அப்புறம். ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கிற வட்டி. அந்த மூன்று தடவையில் அது 6.5 சதவீதத்திலிருந்து 5.5-க்கு வந்தது. 20 லட்சம், 20 வருடக் கடனுக்கு 8.5 சதவீதமென்றால் தவணை சுமார் 17,350 ரூபாய், 7.5 என்றால் சுமார் 16,100. மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இது உங்களுக்கு வராததற்கு மூன்று காரணம் இருக்கலாம். வங்கி தவணையை அப்படியே விட்டு மாதங்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். ஸ்டேட்மென்ட் வாங்கிக் கடைசித் தவணைத் தேதியைப் பாருங்கள். அல்லது உங்கள் கடன் 2019 அக்டோபருக்கு முந்தையதாக இருக்கலாம். அந்த மாதத்திலிருந்து வங்கிகள் கொடுக்கிற புது மிதவை வட்டி (ஏறி இறங்குகிற வட்டி) வீட்டுக் கடன்களைத்தான் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டாயமாக இணைத்தார்கள். மூன்றாவது, உங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கியே அல்ல, வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் அந்தக் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கிளைக்குப் போய், "ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் கட்டணம் கேட்பார்கள், பரவாயில்லை.

இப்போது மந்திரி விஷயம். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ரெப்போவைத் தீர்மானிக்கிற வேலையை ஆறு பேர் குழுவிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமிக்கும் வெளியாட்கள். ஓட்டு சமமானால் ரிசர்வ் வங்கியின் தலைவரான கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் 2 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கை அரசு கொடுத்தது. எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை அரசுக்கு. எப்படிப் போவது என்பது குழுவின் பாடு. மந்திரி தன் ஆசையை மேடையில் சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

போட்டால் என்ன ஆகும் என்று துருக்கி காட்டியது. வட்டியை ஏற்றினால்தான் விலைவாசி ஏறும் என்பது அதிபர் எர்டோகனின் பிடிவாதம். 2019 ஜூலை, 2020 நவம்பர், 2021 மார்ச் என்று அந்நாட்டு மத்திய வங்கியின் கவர்னர்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு 19 சதவீதமாக இருந்த வட்டி 2021 முடிவதற்குள் 14 ஆனது. 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. 2023 தேர்தல் முடிந்த கையோடு வட்டியை ஏற்ற ஆரம்பித்தார்கள். 2024 மார்ச்சில் 50 சதவீதம். சல்லிசாகக் கடன் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஊர் அந்த வட்டியில் போய் நின்றது. உங்கள் 7.5-ஐ அதோடு வைத்துப் பாருங்கள்.

மேடம், ரிசர்வ் வங்கி முழுக்க அரசாங்கத்தின் சொத்து. கவர்னரை நியமிப்பதும் நீக்குவதும் அரசாங்கம். அப்படியிருக்க 'ரிசர்வ் வங்கியின் சுயாட்சி' என்று பாடத்தில் வருவது வெறும் ஏட்டுச் சுரைக்காயா?
— பி.காம். மாணவி, ராயபுரம்

நல்ல கேள்வி, பாப்பா. பாதி ஏட்டுச் சுரைக்காய்தான். 1934 ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-வது பிரிவு, கவர்னரைக் கலந்துகொண்டு, பொதுநலன் கருதி, ரிசர்வ் வங்கிக்கு எந்த உத்தரவும் போட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவை முறைப்படி பிரயோகித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். சுவரில் மாட்டியிருக்கிற பிரம்பை எடுக்காமலேயே வகுப்பு அமைதியாக இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

சொத்து யாருடையது என்பதை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது. 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அது தனியார் பங்குதாரர்களின் வங்கி, மூலதனம் 5 கோடி. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் அப்போதைய வெள்ளைக்கார அரசோடு ஒத்துப்போகாமல் 1937-லேயே போய்விட்டார். 1949 ஜனவரியில் வங்கி அரசுடைமை ஆனது. 1957 ஜனவரியில் பெனகல் ராமராவ் ராஜினாமா செய்தார். அவரோடு மோதிய நிதியமைச்சர் நம்ம சென்னை டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வங்கிக் கடனின் விலையை மறைமுகமாக ஏற்றுகிற ஒரு வரியை, தன்னைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்பது ராமராவின் வருத்தம். நேரு அமைச்சர் பக்கம்தான் நின்றார். தனியார் சொத்தாக இருந்தபோதும் சண்டை, அரசுச் சொத்தான பிறகும் சண்டை.

எங்கள் கிளையில் இரும்பு அறைக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று என்னிடம். 'ஜாயின்ட் கஸ்டடி' என்போம். இரண்டு பேரும் ஒரே வங்கியில் சம்பளம் வாங்குகிறவர்கள், மேனேஜர் எனக்கு மேலதிகாரி. என்னை வேறு கிளைக்கு மாற்றச் சொல்லி எழுத அவரால் முடியும். ஆனாலும் அவர் ஒருவராக அந்த அறையைத் திறக்க முடியாது. நானும் முடியாது. மத்திய வங்கியின் சுதந்திரம் என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். செலவு செய்கிறவர் கையிலேயே பணத்தை உண்டாக்குகிற சாவியும் இருக்கக் கூடாது.

நம் நாட்டில் ரொம்ப வருடம் இரண்டு சாவியும் ஒரே கையில்தான் இருந்தன. 1955-ல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கும்போது மத்திய அரசின் இருப்பு 50 கோடிக்குக் கீழே இருந்தால், குறைகிற தொகைக்கு அரசு ஒரு கடன் பத்திரம் எழுதி நீட்டும். ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு பணத்தை வரவு வைக்கும். 'அட் ஹாக் ட்ரஷரி பில்' என்று பெயர். அவசரத்துக்கு என்று ஆரம்பித்தது நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. 1974-க்குப் பிறகு அந்தப் பத்திரத்துக்கு வட்டி 4.6 சதவீதம், ஊரில் வட்டி எவ்வளவு ஏறினாலும் அதே 4.6. மறுத்துச் சொல்ல ரிசர்வ் வங்கியில் ஆளே தேவைப்படவில்லை, தானாக நடந்தது.

சி. ரங்கராஜன் கவர்னராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் அரசோடு ஒப்பந்தம் போட்டு, படிப்படியாக உச்சவரம்பு வைத்து, 1997 மார்ச்சோடு இதற்கு முடிவு கட்டினார்கள். இப்போதும் அரசுக்குக் கைமாற்று உண்டு. ஆனால் வரம்பு உண்டு, வட்டி உண்டு, 90 நாளில் கட்ட வேண்டும். 2006 ஏப்ரலிலிருந்து அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் பொதுவாகத் தடை. சந்தையில் மற்றவர்களிடமிருந்து வாங்கலாம். 2021-ல் பெருமளவு வாங்கவும் செய்தது. அது ஓட்டையா, ஜன்னலா என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

என்னைக் கேட்டால், கவர்னர்கள் ராஜினாமா செய்த கதைகளைவிட அந்த 1997-ஐத்தான் பாடத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் கவர்னர் கையெழுத்து இல்லையே, ஏன்?
— ஏழாம் வகுப்பு மாணவர், புளியந்தோப்பு

அது ரிசர்வ் வங்கி நோட்டு இல்லை, மத்திய அரசின் நோட்டு. நிதிச் செயலாளர் கையெழுத்துப் போடுவார். "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாசகமும் அதில் இருக்காது, பார்த்தாயா? மொய்க் கவரில் ஒட்டி வருகிற ஒரு ரூபாய்க் காசு உட்பட எல்லா நாணயமும் அரசுடையதுதான்.

அம்மா, மீன்பிடித் தடைக்காலத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள். அறுபத்தொரு நாள் அதை வைத்து என்ன செய்வது? நோட்டு அடிக்கிற மிஷின் அரசாங்கத்திடம் இருக்கிறது. பெரிய கம்பெனிக்குக் கடனைத் தள்ளுபடி செய்கிற நாட்டில், மீனவனுக்குக் கூட நாலு கட்டு அடித்துக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?
— விசைப்படகில் பங்கு உள்ளவர், காசிமேடு

அண்ணே, 8,000 போதாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். அதை ஏற்றுங்கள் என்று மாநில அரசைக் கேளுங்கள், பட்ஜெட்டில் இன்னொரு செலவைக் குறைத்துக் கொடுக்கட்டும், வரி வாங்கிக் கொடுக்கட்டும். நோட்டு அடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2022 மே மாதம் நம்ம துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கப்பல் போனது நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கியதையும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அங்கே என்ன நடந்தது? 2019 கடைசியில் வரியைக் கண்டபடி குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. ரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சலைக் கெடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கடன் ஏற்கெனவே கழுத்துவரை. இத்தனைக்கும் நடுவில் அரசின் பத்திரங்களை அந்நாட்டு மத்திய வங்கியே வாங்கிக் குவித்தது, அதாவது புதுப் பணம். மத்திய வங்கியில் முடிவெடுக்கிற நாணயச் சபையில், அரசின் கஜானாவைக் கவனிக்கிற திறைசேரிச் செயலாளரும் ஓர் உறுப்பினர். கடன் கேட்கிற அரசின் ஆளே கொடுக்கிற பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்.

நோட்டு நிறைய வந்தது, கப்பலில் சரக்கு வரவில்லை. டாலர் 200 ரூபாய் கிட்ட இருந்தது, சில மாதத்தில் 360-ஐத் தொட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி உயர்வு கிட்டத்தட்ட 70 சதவீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தால் 95-ஐ ஒட்டி. டீசல் இல்லாமல் அங்கே படகுகள் கரையில் கிடந்தன. மீனவருக்கென்று தனியாக அச்சடித்த நோட்டு கையில் இருந்திருந்தாலும் டீசலாக மாறியிருக்காது.

2023-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, திறைசேரிச் செயலாளரை அந்த இடத்திலிருந்து எடுத்தார்கள், அரசுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதையும் தடுத்தார்கள். பட்ட பிறகு வந்த சட்டம்.

கம்பெனிகளின் கடன் தள்ளுபடி பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். அது நோட்டு அடித்துச் செய்வதில்லை, வங்கிகளின் லாபத்திலிருந்து போகிறது. அதற்கு வேறொரு இதழில் தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.

2016 நவம்பர் 8 ராத்திரி உங்கள் சுதந்திர ரிசர்வ் வங்கி எங்கே போயிருந்தது?
— ஜவுளிக் கடை உரிமையாளர், எம்.சி. ரோடு

500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த ராத்திரி அது. உங்கள் கேள்வியில் இருக்கிற குத்தல் எனக்குப் புரிகிறது. கல்யாண சீசனில் எம்.சி. ரோடே காற்று வாங்கியதை நானும் பார்த்தேன். எங்கள் கிளை வாசலில் விடிகாலையிலிருந்து வரிசை. ஐஸ் தண்ணீரில் நனைந்த 500 ரூபாய் நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு மீன்காரப் பெண்கள் நின்றார்கள். அந்த நோட்டை எண்ணினால் கை நாறும், மிஷின் இழுக்காது, விரலால்தான் எண்ண வேண்டும்.

சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைத்தால்தான் அரசு நோட்டைச் செல்லாது என்று அறிவிக்கலாம். பரிந்துரை வந்தது உண்மை. குழு கூடியது அன்று மாலை ஐந்தரை மணிக்கு, பிரதமர் டிவியில் பேசியது எட்டு மணிக்கு. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில். கறுப்புப் பணம் பெரும்பாலும் ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் இருக்கிறது என்று அதே கூட்டத்தின் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் அது வெளியே வந்தது. சந்தேகத்தையும் எழுதிக்கொண்டு சம்மதத்தையும் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது.

2023 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கை செல்லும் என்றது. அந்த ஒன்று, நீதிபதி பி.வி. நாகரத்னா. ரிசர்வ் வங்கி கொடுத்த ஆவணங்களிலேயே "மத்திய அரசு விரும்பியபடி" என்று வருவதைச் சுட்டிக்காட்டி, ரிசர்வ் வங்கி தன் சொந்தப் புத்தியைச் செலுத்தவில்லை என்று எழுதினார். தீர்ப்பு பெரும்பான்மையினுடையதுதான், அதை மதிக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்த மாறுபட்ட தீர்ப்பில் இருக்கிறது. இரண்டாவது சாவிக்காரர் அன்றைக்கு இருந்தார், கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நகைக்கடன் விதிகளை ரிசர்வ் வங்கி கடுமையாக்கப் போனது, தமிழ்நாடே சத்தம் போட்டதும் தளர்த்திவிட்டது. அப்படியென்றால் அரசியலுக்குப் பணிந்ததுதானே? எங்களுக்கு நல்லதுதான், இருந்தாலும் கேட்கிறேன்.
— மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, வியாசர்பாடி

"இருந்தாலும் கேட்கிறேன்" என்றீர்களே, அதற்காகவே நீளமாகப் பதில் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் வந்தது வரைவு. நகை உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம், நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது, வட்டியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. அம்மா போட்ட வளையலுக்கும் மாமியார் கொடுத்த அட்டிகைக்கும் யார் பில் வைத்திருக்கிறார்கள்? முதலமைச்சர் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சியும் பேசியது. மே கடைசியில் நிதியமைச்சகம், 2 லட்சம் வரை கடன் வாங்குகிறவர்களைப் பாதிக்காமல் பாருங்கள் என்று பகிரங்கமாகவே யோசனை சொன்னது. ஜூன் 6-ல் இறுதி விதி: இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் பழைய 75. ரசீது இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். கடனை முடித்தால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும்.

இதை நான் பணிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. வரைவு என்று வெளியிடுவதே கருத்துக் கேட்கத்தான். ரெப்போ வட்டி வேறு, இது வேறு. வட்டி விஷயத்தில் இன்றைய கைதட்டலுக்காக நாளைய விலைவாசியைக் கெடுக்கிற ஆபத்து உண்டு, அதனால் அங்கே அரசியல்வாதியை வாசலில் நிறுத்துகிறோம். வியாசர்பாடியில் பில் இல்லாத நகை எவ்வளவு என்பது மும்பை மின்ட் ரோடு அலுவலகத்தில் உட்கார்ந்தால் தெரியாது; அதைச் சொல்லத்தான் எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் இருக்கிறார்கள். நிதியமைச்சகம் அதை ஊரறியச் சொன்னதும் நல்லதுதான். எனக்குப் பயம் தருவது போனில் சொல்லப்படுகிற யோசனைகள்.

ஒன்று கவனியுங்கள். இந்த விதியெல்லாம் வங்கிக்கும், ரிசர்வ் வங்கியில் பதிந்த நிதி நிறுவனங்களுக்கும்தான். தெருமுனை அடகுக்கடை மாநிலச் சட்டத்தில் வருகிறது. அங்கே வைத்துவிட்டு ரிசர்வ் வங்கி விதியைக் காட்டினால் சேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

2025-ல் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு 2.68 லட்சம் கோடி கொடுத்ததாமே. எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம்? சேமிப்பைச் சுரண்டுகிறார்களா?
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

வெளிநாட்டுப் பத்திரங்களில் வட்டி, டாலரை விற்ற லாபம், அரசுப் பத்திரங்களின் வட்டி. உரிமையாளர் அரசு என்பதால் உபரி அரசுக்குப் போவது முறைதான். ஆபத்துக்கு எவ்வளவு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது என்பதில்தான் 2018-ல் பெரிய உரசல். அந்த அக்டோபரில் துணை கவர்னர் விரல் ஆச்சார்யா மேடையிலேயே எச்சரித்தார். டிசம்பர் 10-ல் கவர்னர் உர்ஜித் படேல் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு பிமல் ஜலான் குழு ஒரு கணக்கு முறை வகுத்தது, 2019-ல் 1.76 லட்சம் கோடி போனது. 2025-ல் கொடுத்தபோது ஆபத்து நிதியை அனுமதித்த உச்ச அளவான, ரிசர்வ் வங்கியின் மொத்தச் சொத்தில் 7.5 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆகவே சுரண்டல் என்று அந்த வருடத்தைச் சொல்ல முடியாது.

இதை ஒரு கட்சியின் குணமாக மட்டும் பார்க்காதீர்கள். 2012 அக்டோபரில் அப்போதைய கவர்னர் சுப்பாராவ் வட்டியைக் குறைக்கவில்லை என்றதும், வளர்ச்சிக்காக அரசு தனியே நடக்க வேண்டுமென்றால் தனியே நடப்போம் என்று சொன்னவர் நிதியமைச்சர் ப. சிதம்பரம்.

மணலியில் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எஃப். பென்ஷன் மளிகைக்கே காணாது, டெபாசிட் வட்டிதான் சோறு. வட்டியைக் குறைத்தால் கடன்காரனுக்குக் கொண்டாட்டம் என்று எழுதுகிறீர்கள். எங்களை அந்த ஆறு பேரில் யாராவது கேட்டார்களா?
— திருவொற்றியூர் வாசகர்

கேட்கவில்லை ஐயா. அந்தக் குழுவில் பொருளாதாரம் படித்தவர்கள் இருப்பார்கள். டெபாசிட் வட்டியில் வாழ்கிறவர் இருக்க மாட்டார், தறிக்காரர் இருக்க மாட்டார், மீன் வியாபாரி இருக்க மாட்டார். சுதந்திரம் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் நழுவிவிடுவார்கள்.

சரி, வட்டியை ஓட்டு வாங்குகிறவர்கள் கையில் கொடுத்தால் உங்களைக் கேட்பார்களா? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. தபால் நிலையச் சேமிப்பு, முதியோர் சேமிப்புத் திட்டம், பி.பி.எஃப். இவற்றின் வட்டியை அறிவிப்பது ரிசர்வ் வங்கி இல்லை, நிதியமைச்சகம். 2021 மார்ச் 31 சாயங்காலம் எல்லாவற்றையும் குறைத்து உத்தரவு வந்தது. மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவாக வந்த உத்தரவு, வாபஸ் என்று நிதியமைச்சர் அறிவித்தார். நமக்கு ஏப்ரல் 6-ல் சட்டசபைத் தேர்தல், வங்காளத்தில் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது. உங்கள் வட்டி தப்பியது. நானும் சந்தோஷப்பட்டேன், என் பணமும் அதில் இருக்கிறது. ஆனால் தேர்தல் இல்லாத மாதமாக இருந்திருந்தால்?

அதனால் ஆறு பேரிடமே இருக்கட்டும் என்பேன். ஆனால் அவர்கள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்ற குறிப்பு கூட்டம் முடிந்த பதினாலாவது நாள் வெளியாகிறது, அது நல்ல பழக்கம். கெட்டதையும் சொல்கிறேன். விலைவாசி உயர்வு தொடர்ந்து மூன்று காலாண்டு இலக்கை விட்டு விலகினால், ஏன் தவறினோம், எப்போது சரியாகும் என்று அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும் என்பது சட்டம். 2022-ல் அது நடந்தது, ஜனவரியிலிருந்து செப்டம்பர்வரை 6 சதவீதத்துக்கு மேல். நவம்பர் 3-ல் விசேஷமாகக் கூடிக் கடிதம் எழுதினார்கள். அப்போது அதை வெளியிடவில்லை. சந்தையில் கூடுதல் விலை கொடுத்தது நீங்களும் நானும். கடிதம் மட்டும் டெல்லிக்கு. பிரிட்டனில் இந்த மாதிரிக் கடிதத்தை ஊரே படிக்கலாம். அரசிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்று கேட்கிற வங்கி, மக்களிடமிருந்தும் விலகி நிற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கடிதத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். உங்கள் டெபாசிட்டை ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் போகாமல் பிரித்தும் வையுங்கள், காப்பீடு அவ்வளவுக்குத்தான்.

எங்க அம்மா மீன் விற்கிறாங்க. ஈரத்தில் கிழிஞ்ச 500 ரூபாய் நோட்டு ரெண்டு இருக்கு. பக்கத்து வங்கியில், ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்கே போங்கன்னு விரட்டுறாங்க.
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

போக வேண்டாம் கண்ணு. கிழிந்த நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், உங்களுக்குக் கணக்கு இல்லாத கிளையாக இருந்தாலும். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், கையில் இருக்கிற ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40-லிருந்து 80 வரை என்றால் பாதி, அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. துண்டுகளை செல்லோடேப் போட்டு ஒட்டாமல் காய வைத்து எடுத்துப் போங்கள். மறுத்தால், மறுப்பதாக எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448-க்கு போன் போட்டு, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மனிடம் போவது எப்படி என்று கேளுங்கள். தமிழிலேயே பேசலாம்.